வீடு கட்டுவோர் கவனத்திற்கு: கட்டட அனுமதியும் நமது கடமையும்



அல்லாஹ்வின் அருளால் நமது பகுதியில் சொந்த வீடு கட்டும் குடும்பங்கள் பெருகி வருகின்றன. வளைகுடாவில் உழைத்த பணம், பெண்களின் நகை, சீட்டுப் பணம் என்று பல வருடச் சேமிப்பு ஒரு கடைக்காலில் இறங்குகிறது. ஆனால் உதவி கேட்டு நமது அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் சில, பணம் இல்லாமல் நின்ற வீடுகளைப் பற்றியவை அல்ல. அனுமதி பெறாமல் தொடங்கி, பாதியில் நிறுத்தப்பட்ட வீடுகளைப் பற்றியவை. இந்த இதழின் பாடம் அதைத் தவிர்ப்பது எப்படி என்பதே.

நாம் யாருடைய எல்லையில் இருக்கிறோம்?

"நசரத்பேட்டை ஊராட்சிதானே, பிளான் எதற்கு?" என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. பூந்தமல்லி ஊராட்சி ஒன்றியத்தில் உள்ள நமது ஊர், சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏவின் திட்ட எல்லைக்குள் வருகிறது. 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டமும், தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019உம் இங்கே செல்லும். இந்த விதிகள் மாநகராட்சிக்கும் பொருந்தும், கிராமத்துக்கும் பொருந்தும். அனுமதியில்லாத கட்டடத்தை நிறுத்தவும், அகற்றச் சொல்லவும் அதே 1971 சட்டத்தின் 56, 57ஆம் பிரிவுகள் அதிகாரம் தருகின்றன.

முதலில் மனையைப் பாருங்கள்

அனுமதி கிடைக்குமா என்பது மனை வாங்கும் நாளிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்கு 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அதன் பின் 2017இல் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்கே அவை பொருந்தும். ஏற்கெனவே மனையாகப் பதிவானது மறுபடியும் பதிவாகக்கூடும். ஆகவே, "பத்திரம் பதிவாகிவிட்டது, இனி என்ன?" என்று இருந்துவிடக் கூடாது. பதிவு என்பது கைமாறியதற்குச் சான்று. கட்டுவதற்கு அனுமதி அல்ல.

ஒரு குடும்பத்தின் நிலையைச் சொல்கிறோம். கணவர் வெளிநாட்டில் இருக்க, தரகர் பேச்சை நம்பி மனைவி மனை வாங்கினார். பத்திரம் சரி, பட்டாவும் வந்தது. லிண்டல் மட்டம் வரை எழும்பிய பிறகு வங்கிக் கடனுக்குப் போனபோதுதான், மனைப்பிரிவு அங்கீகாரமோ வரன்முறையோ பெறவில்லை என்று தெரிந்தது. கடன் கிடைக்கவில்லை, கட்டடம் நின்றது. வாடகை மட்டும் நிற்கவில்லை.

முன்பணம் கொடுப்பதற்கு முன் இவற்றைப் பாருங்கள்:

1. பட்டா, சிட்டா, அ-பதிவேடு. நிலம் புறம்போக்கா, நீர்நிலையா, மேய்ச்சல் நிலமா என்பது இவற்றில் தெரியும்.
2. குறைந்தது 30 ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்று.
3. நில அளவை வரைபடம். அளவையரை வைத்துக் கல் ஊன்றிப் பாருங்கள்.
4. மனைப்பிரிவு அங்கீகார எண் அல்லது வரன்முறை ஆணை.
5. சிஎம்டிஏ திட்டத்தில் அந்த சர்வே எண் குடியிருப்புப் பகுதியா, விவசாயப் பகுதியா என்ற விவரம்.
6. வக்ஃபு நிலம் அல்ல என்ற உறுதி. வக்ஃபைத் தெரிந்தே வாங்குவதும் விற்பதும் நம் சமுதாயத்துக்கே செய்யும் துரோகம்.

செம்பரம்பாக்கம் ஏரி நமக்கு எவ்வளவு அருகில் என்பதை 2015 டிசம்பர் யாருக்கும் மறக்க விடாது. வாய்க்காலை ஒட்டிய மனை மலிவாகக் கிடைத்தால், ஏன் மலிவு என்று கேளுங்கள்.

வாரிசுச் சொத்தில் கட்டும்போது

நம் குடும்பங்களில் அதிகம் சிக்கல் வருவது இங்கேதான். பட்டா வாப்பாவின் பெயரில் இருக்கும். அவர் மவுத்தாகிப் பல வருடம் ஆகியிருக்கும். மகன் வீடு கட்ட வருவார். அனுமதி கேட்பவர் தம் உரிமையைக் காட்ட வேண்டும். வாரிசுச் சான்று எடுத்தால் அதில் உம்மாவும் சகோதரிகளும் இருப்பார்கள்.

கணக்கைப் பாருங்கள். 1,200 சதுர அடி மனை. கடனும் வஸிய்யத்தும் போக மீதி இதுதான் என்று வைத்துக்கொள்வோம். வாரிசுகள் மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள். மனைவிக்கு எட்டில் ஒன்று, 150 சதுர அடி. மீதி 1,050இல் மகனுக்கு 525. மகள்களுக்கு ஆளுக்கு 262.5. ஆக, முழு மனையிலும் வீடு கட்டும் மகன் 675 சதுர அடியைப் பிறர் பங்கில் கட்டுகிறார். அந்தப் பங்கை விலை கொடுத்து வாங்கலாம். அவர்கள் மனம் விரும்பி விட்டுக்கொடுக்கலாம். கல்யாணத்துக்குச் செலவழித்ததைக் காட்டிப் பங்கை மறுக்க மார்க்கத்தில் இடமில்லை. பிறர் நிலத்தில் ஒரு சாண் அபகரித்தாலும் மறுமையில் அது ஏழு பூமிகளாகக் கழுத்தில் மாட்டப்படும் என்ற எச்சரிக்கை புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் உள்ளது.

வாய்மொழி ஹிபா முஸ்லிம் சட்டப்படி செல்லும். கொடுப்பதாகச் சொல்லி, பெறுபவர் ஏற்று, சொத்தும் அவர் கைக்கு வர வேண்டும். உச்ச நீதிமன்றமும் 2011இல் இதை உறுதி செய்தது. ஆனாலும் பட்டா மாற்றத்துக்கும் கட்டட அனுமதிக்கும் போகும்போது பதிவான ஆவணம் இருப்பதே பாதுகாப்பு. கடனை எழுதிவைக்கச் சொல்லும் மார்க்கம் நமது மார்க்கம். சொத்தையும் எழுதுங்கள்.

எளிதாகிவிட்ட அனுமதி

2024 ஜூலை 22 முதல் சிறு வீடுகளுக்குச் சுயசான்று முறை நடைமுறையில் உள்ளது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளம் அல்லது தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீடு என்றால், இணையவழி ஒற்றைச் சாளரத்தில் விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தி உடனே அனுமதி பெறலாம். நம்மில் பெரும்பாலோர் கட்டும் வீடு இந்த அளவுக்குள்தான். அதைத் தாண்டினால் வரைபடம் வழக்கமான பரிசீலனைக்குப் போகும்.

"மேலே கொடுத்தால்தான் நடக்கும்" என்று இடைத்தரகர் சொன்னால், கட்டணத்துக்கு ரசீது கேளுங்கள். லஞ்சம் கொடுப்பவரும் வாங்குபவரும் நபி (ஸல்) அவர்களின் சாபத்துக்கு உரியவர்கள் என்பதை நாம் அறிவோம்.

அதே சமயம் ஒன்றை மறக்க வேண்டாம். சுயசான்று என்பது நீங்கள் கையெழுத்திட்டுச் சொல்லும் சாட்சியம். வரைபடத்தில் பக்க இடைவெளி காட்டிவிட்டு, கட்டும்போது அண்டை வீட்டுச் சுவர் வரை இழுத்தால் அது பொய்ச் சாட்சி. அனுமதி பெற்ற கட்டடத்தையும் அது விதிமீறலாக்கிவிடும். பாதையில் கருத்து வேறுபாடு வந்தால் ஏழு முழம் விடும்படி நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். அதாவது ஏறத்தாழ பத்தரை அடி. நம் தெருவில் ஜனாஸாவும் ஆம்புலன்சும் திரும்ப இடம் வேண்டாமா? படிக்கட்டையும் சாய்தளத்தையும் தெருவில் இறக்காதீர்கள். மழைநீர் சேகரிப்பையும் வரைபடத்தோடு விட்டுவிடாமல் தரையில் அமையுங்கள்.

பள்ளிவாசல், மதரஸா

வீடு என்று அனுமதி பெற்றுவிட்டு, பின்னர் பொதுத் தொழுகைக்கூடமாகவோ மதரஸாவாகவோ மாற்றுவது வேண்டாம். வழிபாட்டு இடத்துக்கு மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி தேவை. தாமதமானாலும் முறையாகப் பெற்ற அனுமதியே நாளை வழக்கு வந்தால் ஜமாஅத்தைக் காக்கும். நன்கொடையாளர்களின் பணம் நம் கையில் அமானிதம். சீல் வைக்கப்படக்கூடிய சுவரில் அதைப் போடக் கூடாது.

கட்டத் தொடங்கும் சகோதரர்கள் கொத்தனாரிடம் பேசும் முன் ஆவணங்களுடன் நம் அலுவலகத்துக்கு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பின் இருப்போம். எந்தக் காகிதம் குறைகிறது என்று பார்த்துச் சொல்வதற்கும், விண்ணப்பத்தை இணையத்தில் பதிவதற்கும் உதவுகிறோம், கட்டணம் இல்லை. கணவர் வெளிநாட்டில் உள்ள சகோதரிகளும் விதவைகளும் தயங்காமல் வரலாம்.

ஹலாலான பணத்தில், யாருடைய பங்கும் கலக்காத நிலத்தில், யாருக்கும் அஞ்ச வேண்டாத வீட்டில் நம் பிள்ளைகள் வாழ அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.