நிலநடுக்கத்தின் வலிமையும் ஆழமும்

2007ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள் சிங்கப்பூரின் உயர்ந்த கட்டடங்களில் இருந்தோர், காலடியில் தளம் அசைவதை உணர்ந்து படிக்கட்டு வழியே கீழே விரைந்தனர். நிலம் நடுங்கிய இடமோ 400 கிலோமீட்டருக்கு அப்பால், சுமத்திராவின் சிங்காராக் ஏரிப் பகுதி. வலிமை 6.4. அங்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

தொலைவிலிருந்து வரும் அலைகள் மெதுவாக அசைப்பவை. காற்றில் செடி அசையாதிருக்க, பால்மரத்தின் உச்சி ஆடுவதைத் தோட்டத்தில் காண்கிறோம் அல்லவா? அவ்வாறே சிராங்கூன் சாலையின் தாழ்ந்த கடைவீடுகளைவிட அருகிலுள்ள அடுக்குமாடி வீடுகளிலேயே ஆட்டம் மிகுதியாகத் தெரியும். அடியில் மென்மையான களிமண் இருப்பின் அது மேலும் பெருகும்.

வலிமை ஓர் எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்காகும். ஆயினும் எண்ணை மட்டும் நோக்குவோர் ஏமாறுவர். 1993 செப்டம்பர் 30 அன்று மகாராஷ்டிரத்தின் லாத்தூர் பகுதியில் நேர்ந்த நடுக்கத்தின் வலிமை 6.2தான். ஆழம் 10 கிலோமீட்டர் அளவே. விடியுமுன், கல்லும் மண்ணும் கொண்டு கட்டிய வீடுகள் உறங்கியோர் மீது சரிந்தன. ஏறத்தாழ 10,000 பேர் இறந்தனர். 2009இல் அதே தேதியில் பாடாங் நகரருகே 7.6 வலிமையுள்ள நடுக்கம். ஆற்றல் நூறு மடங்குக்கும் மேல்; ஆழமோ ஏறத்தாழ 80 கிலோமீட்டர். மாண்டோர் 1,100க்கும் மேற்பட்டோர். நேரமும் வீடுகளின் கட்டுமானமும் வேறு என்பதையும் மறத்தலாகாது.

சிங்கப்பூரில் அடுக்குமாடியில் வாழும் உறவினருக்குக் கடிதம் எழுதுவோர் இதனையும் எழுதுக: தளம் ஆடும்போது உறுதியான மேசையின் கீழ் ஒதுங்குக, கண்ணாடிச் சன்னலை விட்டு விலகுக, மின்தூக்கியில் ஏறற்க.