பெட்டியில் கசகசா வேண்டாம்

அறந்தாங்கிப் பக்கம் எங்கள் ஊரில் யாருக்கு விசா வந்தாலும் என் வீட்டுத் திண்ணைக்கு ஒரு நடை வந்துவிட்டுத்தான் பெட்டி கட்டுவார்கள். 1994ல் துபாய்க்குப் போனேன், 2021ல் திரும்பினேன். ஏசி மெக்கானிக்காகப் போனவன் ஃபோர்மேனாக வந்தேன், அவ்வளவுதான் என் சாதனை. போன வாரம் மூன்று பையன்கள் ஒன்றாக வந்து உட்கார்ந்தார்கள். ஒருவன் சார்ஜாவுக்கு, மற்ற இருவரும் துபாய்க்கு. சொன்னதையே சொல்லி வாய் வலிப்பதால் இந்தத் தடவை எழுதியே கொடுத்துவிட்டேன். எனக்கு அமீரகம்தான் தெரியும். நான் வந்த பிறகு மாறியதை அங்கேயே இருக்கும் தங்கச்சி மகனிடம் கேட்டுச் சேர்த்திருக்கிறேன். சவூதி, கத்தார் போகிறவர்கள் அங்கே இருந்தவர்களைப் பார்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. விசிட் விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடு. விசிட் விசாவில் வேலை பார்ப்பது அங்கே குற்றம். விசா முடிந்தும் தங்கினால் நாளொன்றுக்கு 50 திர்ஹம் அபராதம் ஏறும். பத்தாவது தேறாதவர்களுக்கு ஈசிஆர் பாஸ்போர்ட் வரும். அதை வைத்துக்கொண்டு வளைகுடா வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அந்த அலைச்சலைத் தவிர்க்கத்தான் ஏஜென்ட் விசிட் விசாவைக் காட்டுகிறார். அனுமதி வாங்கிப் போகிறவனுக்குக் காப்பீடும் உண்டு. பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்று பெயர், விபத்தில் செத்தால் வீட்டுக்குப் பத்து லட்சம். சாவைப் பற்றிப் பேசுகிறாரே என்று அம்மாக்கள் என்னை முறைப்பார்கள். முறைக்கட்டும். பதிவு பெற்ற ஏஜென்ட் உன்னிடம் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாய், அதன்மேல் ஜிஎஸ்டி. ஒன்றரை லட்சம் கேட்கிறவரிடம் ரசீது கேட்டுப் பார், முகம் மாறும்.

2. வேலை ஒப்பந்தம் தமிழிலேயே கிடைக்கும். தொழிலாளியின் மொழியிலும் தர வேண்டும் என்று 2016ல் அமீரகம் வைத்த பட்டியலில் தமிழும் இருக்கிறது. கேட்டு வாங்கிப் படி. அதில் மொத்தச் சம்பளத்தை விட்டுவிட்டு அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று பார். முடித்துக்கொண்டு வரும்போது தருகிற பணிக்கொடை அதை வைத்துத்தான். முதல் ஐந்து வருடத்துக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்குப் பிறகு 30 நாள். இரண்டு பேருக்கும் 1,500 திர்ஹம் சம்பளம் என்று வை. ஒருவனுக்கு அது முழுவதும் அடிப்படை, இன்னொருவனுக்கு 900 அடிப்படை, மீதி படிகள். ஐந்து வருடம் கழித்து முன்னவன் கையில் 5,250, பின்னவன் கையில் 3,150. ஒரே ரூம், ஒரே வேலை, ஒரே வெயில்.

3. பாஸ்போர்ட் உன்னிடம் இருக்க வேண்டும். கம்பெனி வாங்கி வைத்துக்கொள்வது அந்த நாட்டுச் சட்டப்படியே தப்பு. விசா வேலைக்குக் கேட்டால் கொடு, வேலை முடிந்ததும் திரும்பக் கேள்.

நான் கேட்கவில்லை. 1999 கார்த்திகையில் ஒரு ராத்திரி, பக்கத்து ரூம் மலையாளிக்கு என் பெயரைச் சொல்லிப் போன் வந்தது. அப்பா போய்விட்டார். விடிந்ததும் ஆபீஸுக்கு ஓடினேன். டிக்கெட்டுக்குப் பணம் இருந்தது, மறுநாள் திருச்சிக்குப் போகிறவர்களும் இருந்தார்கள். பாஸ்போர்ட் இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. சாவி வைத்திருந்தவர் லீவில் அவருடைய நாட்டுக்குப் போயிருந்தார். முதல் நாள் டீ கொடுத்தார்கள். இரண்டாம் நாள் உட்காரச் சொன்னார்கள். மூன்றாம் நாள் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நாலாம் நாள் வேறு யாரிடமிருந்தோ இன்னொரு சாவி வந்தது. முதல் நாளே அது எங்கே இருந்தது என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. நான் வந்து இறங்கியபோது அப்பாவைக் கரைத்தாகிவிட்டது. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. மொட்டைத் தலையோடு பைக்குப் பக்கத்தில் நின்று பெட்டியை வாங்கிக்கொண்டான்.

இப்போது கொடுக்க மறுத்தால் தொழிலாளர் அமைச்சகத்தில் புகார் செய்யலாம், துபாயில் இந்தியத் துணைத் தூதரகத்தின் உதவி மையமும் இருக்கிறது. பயப்படாமல் போ.

4. அம்மா கட்டிக்கொடுக்கும் மசாலாவில் கசகசா இருக்கிறதா என்று பார். இருந்தால் எடுத்து வெளியே வை. நமக்கு அது குருமாவுக்கு அரைப்பது, அவர்களுக்கு அது போதைப்பொருள் கணக்கு. விமான நிலையத்தில், “எங்கள் வீட்டில் கோழிக் குழம்புக்கு” என்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது. இருமல் மருந்து, வலி மாத்திரை இவற்றிலும் கவனம். கோடீன், டிராமடால் கலந்தவை அங்கே கட்டுப்பாட்டில் உள்ளவை. மருத்துவர் சீட்டு இல்லாமல், முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோகாதே. பான், குட்கா மூச்சுவிடாதே. அடுத்த தெரு அக்கா தன் வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிடச் சொல்லும் பொட்டலத்தையும் பிரித்துப் பார்த்துத்தான் வாங்கு. அக்கா கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்.

5. ஹிந்தி பேசப் பழகு. ஊரில் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறாய் என்பது வேறு விஷயம். அங்கே சைட்டில் பட்டாணியும் வங்காளியும் நேபாளியும் நீயும் பேசிக்கொள்வது ஹிந்தி மாதிரி ஒன்றில்தான், அதில் இலக்கணம் யாரும் பார்ப்பதில்லை. அரபியில் பத்து வார்த்தை போதும். ‘முதீர்’ என்றால் மேனேஜர். ‘மாஃபி’ என்றால் இல்லை. ‘கல்லி வல்லி’ என்றால் விட்டுத்தள்ளு. கடைசி வார்த்தையை முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்வாய். முதீரிடம் மட்டும் சொல்லிவிடாதே. மலையாளம் தானாக வந்துவிடும், டீக்கடைக்காரர் சொல்லிக்கொடுப்பார்.

6. ரூமில் எட்டுப் பேர் இருந்தால் எட்டுப் பேருக்கும் ஷிப்ட் வேறு. காலை நாலு மணிக்கு எழுகிறவன் அலாரத்தை ஒரே அடியில் நிறுத்த வேண்டும். மேல்கட்டிலில் படுப்பவன் ராத்திரி போனில் மனைவியோடு பேசினால் கீழே இருப்பவனுக்கும் குடும்பக் கதை தெரிந்துவிடும், ஆகவே வராந்தாவுக்குப் போ. மெஸ் காசைத் தேதி தவறாமல் கொடு. சமையல் முறை வரும்போது, ‘எனக்குத் தெரியாது’ என்று நழுவுகிறவனை ரூம் மன்னிக்காது. சாம்பார், ரசம், கோழிக் குழம்பு மூன்றையும் போவதற்கு முன் அம்மாவிடம் நின்று கற்றுக்கொள்.

7. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணிவரை திறந்த வெயிலில் வேலை வாங்கக்கூடாது. மீறினால் கம்பெனிக்கு ஆளுக்கு 5,000 திர்ஹம் அபராதம். நான் போன காலத்தில் இந்தச் சட்டம் கிடையாது. மொட்டை மாடியில் ஏசி யூனிட்டுக்குப் பக்கத்தில் வைத்த ஸ்பானரை எடுத்தால் உள்ளங்கையில் அதன் அச்சு விழும். அதனால் வாளியில் தண்ணீர் வைத்து ஸ்பானர், ஸ்க்ரூடிரைவர் எல்லாவற்றையும் அதற்குள் போட்டு வைப்போம். சாயங்காலம் நீலச் சட்டையின் முதுகில் வெள்ளையாக உப்புப் படம் தெரியும். ஒவ்வொருவனுக்கும் ஒரு நாட்டு மேப். ஆகஸ்டில் காற்றில் ஈரம் ஏறிவிடும், ஏசி ரூமை விட்டு வெளியே வந்தால் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்துபோகும். ஜூலை வெயிலைவிட அதுதான் ஆளை அடிக்கும்.

தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதே. சிறுநீர் மஞ்சளாகப் போனால் நீ ஏற்கெனவே தாமதம். பச்சைத் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தாலும் தலை சுற்றும். அங்கே விற்கும் லபனில் உப்பைப் போட்டுக் கலக்கினால் நம் மோர்தான். என்னோடு வேலை பார்த்தவர்களில் கல்லடைப்பு வராதவர்களை ஒரு கைவிரல்களில் எண்ணிவிடலாம். எனக்கு இரண்டு தடவை வந்தது.

8. சட்டத்தில் மாட்டுகிற இடங்கள் பெரும்பாலும் சின்ன விஷயங்கள். மெட்ரோவில் தின்றால் 100 திர்ஹம். பெண்கள் பகுதியைக் காட்டும் இளஞ்சிவப்புக் கோட்டைத் தாண்டி நின்றாலும் 100. கண்ட இடத்தில் சாலையைக் கடந்தால் 400. ஊரில் பஸ் ஸ்டாண்டில் ஓடுகிற மாதிரி அங்கே ஓடாதே. வாட்ஸ்அப்பில் ஒருவனைக் கெட்ட வார்த்தையில் திட்டினாலும், விரலைக் காட்டும் பொம்மையை அனுப்பினாலும் கேஸ் ஆகும். முன்பின் தெரியாதவர்களைப் படம் எடுக்காதே.

நம் ஆட்களுக்குத் தெரியாத இன்னொன்று: அனுமதி இல்லாமல் வசூல் செய்வது குற்றம். கோயில் கும்பாபிஷேகம், கூட வேலை பார்த்தவனின் குடும்பத்துக்கு உதவி, எதுவானாலும் குரூப்பில் கணக்கு எண்ணைப் போட்டுப் பணம் கேட்காதே. நல்ல மனசு அங்கே சாட்சிக்கு வராது.

9. ரம்ஜானில் பகலில் தெருவிலோ பஸ்ஸிலோ தண்ணீர் பாட்டிலைத் திறக்காதே. அந்த மாதம் எல்லோருக்கும் வேலை நேரம் இரண்டு மணி குறையும், எந்த மதமானாலும். சாயங்காலம் பள்ளிவாசல் கூடாரத்தில் உட்கார்ந்தால் பேரீச்சம்பழம், லபன், பிரியாணி வரும், நீ யார் என்று யாரும் கேட்பதில்லை. துபாய் தேராவில் நம் ஊர் நோன்புக் கஞ்சியே ஊற்றுவார்கள். விபூதி வைத்த நெற்றியோடு வரிசையில் நின்று பல வருடம் குடித்திருக்கிறேன்.

10. பணம். திர்ஹம் டாலரோடு கட்டப்பட்டது, 1997லிருந்து டாலருக்கு 3.6725 என்று நிற்கிறது. அதனால் ரூபாய் விழுந்தால் உனக்கு லாபம் போலத் தெரியும். நான் போனபோது ஒரு திர்ஹத்துக்கு எட்டரை ரூபாய், திரும்பும்போது இருபது. ரூபாய் சரிந்த செய்தி வந்தால் எக்ஸ்சேஞ்ச் வாசலில் வரிசை நீளும், கடன் வாங்கியும் அனுப்புவார்கள். சந்தோஷப்படுகிற இந்தியர்கள் நாங்கள் மட்டும்தான். அதே நேரத்தில் ஊரில் சிமெண்ட் விலையும் ஏறியிருக்கும், அதை யாரும் போனில் சொல்ல மாட்டார்கள்.

ஊர் வங்கியில் இருக்கும் சாதாரணச் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக மாற்று. என்ஆர்இ கணக்கு ஒன்று தொடங்கி, அனுப்புவதை அதில் போடு. அந்த வட்டிக்கு இங்கே வருமான வரி இல்லை. வீட்டுச் செலவுக்குத் தனியாக அனுப்பு. எல்லாவற்றையும் அனுப்பிவிட்டு, ‘மீதியை எனக்காக வையுங்கள்’ என்று சொன்ன எவனுக்கும் மீதி வந்து நான் பார்த்ததில்லை. வீட்டார் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. கையில் இருக்கும் பணத்துக்குக் கல்யாணமும் காதுகுத்தும் வந்துகொண்டேதான் இருக்கும்.

11. உன் பெயரை யாருக்கும் கடன் கொடுக்காதே. சிம் கார்டு, வங்கிக் கணக்கு, ஜாமீன் கையெழுத்து, எதுவும். ஒரு நண்பனுக்காக என் பெயரில் போன் எடுத்துக்கொடுத்தேன். அவன் ஒருநாள் ஊருக்குப் போனான், வரவில்லை. பதினொரு மாதம் நான் கட்டினேன். போன வருடம் அவன் மகள் கல்யாணப் பத்திரிகை வந்தது. போய் மொய் எழுதிவிட்டும் வந்தேன், அது வேறு கதை.

12. திரும்பும் தேதியைப் போவதற்கு முன்பே எழுதி வை. விசா இரண்டு வருடத்துக்குத்தான். புதுப்பிக்கலாம், மறுபடி புதுப்பிக்கலாம், ஆனால் நம்மைப்போல் கூலிக்குப் போகிறவனுக்கு அந்த நாடு குடியுரிமை தருவதில்லை, அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. நான்தான் மறந்துபோனேன். ஐந்து வருடம் என்று காலண்டரில் வட்டம் போட்டுப் போனவன், தங்கச்சி கல்யாணத்துக்கு இரண்டு, வீட்டுக்கு நாலு, பையன் படிப்புக்கு ஐந்து, இப்படியே நீட்டி நீட்டி இருபத்தேழு வருடம் இருந்தேன். கிரில் போட்ட மாடி வீடு கட்டினேன். அதில் நான் தொடர்ந்து ஆறு வாரம் தூங்கியது திரும்பி வந்த பிறகுதான்.

லீவுக்கு வரும்போதெல்லாம் என் வீட்டு அடுப்படியில் உப்பு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. சார்ஜாவில் கடைசியாக இருந்த ரூமில் கரண்ட் போனாலும் மிளகாய்ப்பொடி டப்பாவை எடுத்துவிடுவேன். இப்போதும் கட்டிலில் சுவரோரமாகக் கையைக் காலை ஒடுக்கித்தான் படுக்கிறேன். பாதிக் கட்டில் காலியாகக் கிடக்கிறது என்று என் மனைவி சிரிப்பாள்.

13. திருச்சி ஏர்போர்ட்டுக்கு வேன் பிடித்து இருபது பேர் வர வேண்டாம். அந்தக் காசில் நல்ல ஷூ வாங்கு. பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றையும் ஜெராக்ஸ் எடுத்து ஒன்று அம்மாவிடம், ஒன்று என்னிடம் கொடு. போய்ச் சேர்ந்ததும் செய்தி போடு. வாட்ஸ்அப்பில் எழுத்து வரும், கால் வராது, வேறு செயலி போட்டுத்தான் பேச வேண்டும், அதை ரூமில் சொல்லித் தருவார்கள். பேசுவதென்றால் உன் நேரம் எட்டரைக்குள் கூப்பிடு. இங்கே அப்போது பத்து, அதற்குமேல் நான் மாத்திரை போட்டுப் படுத்துவிடுவேன். பாஸ்போர்ட் தரமாட்டேன் என்கிறார்கள் என்றால் மட்டும் எந்த நேரமும் கூப்பிடலாம்.