வீட்டில் படும் அடியும் ஊர்ச் சுகாதாரமும்

ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்தில் சாரல் விழுந்து ஜனக்கூட்டம் பெருகும்போது, குடிதண்ணீருக்குக் குளோரின் சேர்ப்பதில் பஞ்சாயத்தார் தனிக் கருத்துச் செலுத்த வேண்டியிருக்கிறது. ஒரே வீட்டில் வாந்திபேதி கண்டாலும் அது ஊருக்கே உரிய கவலை என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆனால் அதே தெருவில் ஒரு பெண் கணவனிடம் அடிபட்டுக் கிடந்தால், "அது புருஷன் பெண்டாட்டி சமாசாரம்" என்று வாசலோடு திரும்பிவிடுகிறோம்.

வன்முறை பொதுச் சுகாதாரப் பிரச்சினையே என்று உலக சுகாதாரப் பேரவை 1996-ஆம் ஆண்டிலேயே தீர்மானம் நிறைவேற்றிற்று. அடியின் விளைவு காயத்தோடு நிற்பதில்லை. கருச்சிதைவு, எடை குறைந்த குழந்தை, தீராத வலி, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி வரை அது நீள்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் 100-க்கு 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள். இந்தியா முழுமைக்கும் இது 29. மருத்துவ வசதியில் முன்நிற்கும் மாநிலத்துக்கு இக்கணக்கு பெருமை தருவதன்று.

தென்காசி, கடையநல்லூர், ஆலங்குளம் பகுதிகளில் பீடி சுற்றிக் குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் பலர். சுற்றிய எண்ணிக்கைக்குத்தான் கூலி. மணிக்கட்டு வீங்கினால் அன்றைய கூலி இல்லை. அவள் கூலியைக் கணவன் பறித்துக்கொள்வதும், 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டப்படி வன்முறையே.

குடியே எல்லாவற்றுக்கும் காரணம் என்பார் உண்டு. அது பாதி உண்மை. அடிக்கடி குடித்து வெறிக்கும் கணவன்மாரின் மனைவியரில் 100-க்கு 70 பேர் அடி முதலிய கொடுமைகளுக்கு ஆளாகின்றனர் என்று மேற்படி ஆய்வு கூறுகிறது. ஆயினும் மதுவைத் தொடாதவர்களின் மனைவியரிலும் 23 பேருக்கு அக்கதி நேர்ந்திருக்கிறதே! கள்ளையும் சாராயத்தையும் மட்டும் பழித்துவிட்டு நாம் ஒதுங்குவதற்கில்லை.

குடியானவர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று, செங்கோட்டைக் கணவாய்க்கு அப்பாலிருந்து கிடைக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் பிரதீப் பாண்டா, பீனா அகர்வால் என்னும் ஆராய்ச்சியாளர்கள் நடத்திய ஆய்வு 2005-இல் வெளியாயிற்று. நிலமும் வீடும் இல்லாத மனைவியரில் 100-க்கு 49 பேர் அடிபட்டிருந்தனர். நிலம் மட்டும் உள்ளவர்களில் 18 பேர். வீடு மட்டும் உள்ளவர்களில் 10 பேர். இரண்டும் உள்ளவர்களில் 7 பேர். பட்டாவில் பெயர் ஏறியவுடன் அடி நின்றுவிடும் என்பதல்ல பொருள். போக்கிடம் உள்ளவள்மீது கை ஓங்கத் தயக்கம் பிறக்கிறது என்றே கொள்ளலாம். இந்துக் குடும்பங்களில் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு தரும் திருத்தம் தமிழ்நாட்டில் 1989-லேயே வந்தது. அப்பங்கைத் தங்கள் வீட்டில் எழுதிக் கொடுத்தவர் எத்தனை பேர் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

ஊர்க்கூட்டத்தில் "அனுசரித்துப் போ அம்மா" என்று சொல்லி அனுப்புவதை நம்மில் பலர் சமரசம் என்று கருதுகிறோம். அவளை அடித்தவனிடமே மீண்டும் ஒப்படைப்பதற்கு அப்பெயர் பொருந்தாது. சட்டம் வேறு வழி வகுத்திருக்கிறது. மாவட்டந்தோறும் உள்ள பாதுகாப்பு அலுவலரிடம் அவளே முறையிடலாம். 181 என்னும் தொலைபேசி எண் இரவிலும் இயங்குகிறது. அவள் கோரினால் அரசு ஆஸ்பத்திரி சிகிச்சை அளித்தே ஆகவேண்டும். வீடு கணவன் பெயரில் இருந்தாலும் அதில் குடியிருக்கும் உரிமை அவளுக்கு உண்டு. வழக்காட வக்கீல் உதவி இலவசம். மாஜிஸ்திரேட்டிடம் மனுக் கொடுத்தால், முதல் விசாரணை சாதாரணமாக மூன்று நாட்களுக்குள் நடைபெற வேண்டும்.

அவள் வாய் திறக்க அஞ்சினால், அடுத்த வீட்டுக்காரரோ பஞ்சாயத்து உறுப்பினரோ பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்துடன் தகவல் தந்தவர்மீது சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ தொடர முடியாது என்று அச்சட்டத்தின் 4-ஆம் பிரிவு தெளிவாகக் கூறுகிறது.