தென்னையின் உட்பகை

தென்னையை அழிக்கும் வண்டுகள் இரண்டையும் ஒன்றென மாணாக்கர் மயங்கக் கண்டுள்ளோம். கொம்புடைய கருவண்டு வளர்ந்த பருவத்திற் குருத்தைக் குடைவது. அதன் புழு எருக்கும்பியில் வாழும். நீண்ட மூக்குடைய செவ்வண்டின் புழுவோ மரத்தின் உள்ளேயே வாழ்ந்து அதனைக் கொல்வது.

பெண்வண்டு மரத்துப் புண்களில் ஏறக்குறைய 200 முட்டைகள் இடும். சில நாளிற் பொரிக்கும் காலற்ற புழு, 1 முதல் 3 மாதம்வரை தண்டின் மென்பகுதியைத் தின்று, நாரினாற் கூடமைத்து உறங்கி, 2 அல்லது 3 கிழமையில் வண்டாகும்.

குருத்து வாடியபின் மரம் பிழைத்தல் அரிது. ஆதலின், துளையிற் கசியும் செந்நிறச் சாற்றையும், தண்டிற் காது வைப்பிற் கேட்கும் அரிப்பொலியையும் முன்னரே அறிதல் வேண்டும். இளந்தென்னையிற் பச்சை மட்டையை வெட்டாதிருப்போம். புண்ணுக்கு உடனே தார் பூசுவோம். கருவண்டின் துளையும் செவ்வண்டுக்கு வாயிலாதலின், எருக்கும்பியைக் கிளறிப் புழுக்களை அகற்றுதலும் நம் கடனே.