ரயில் ஓய்ந்த பாதை

ரயில் பாதை அமைக்கும் பொறியாளர் முதலில் கவனிப்பது ஏற்ற இறக்கம். சமவெளியில் நூறு அடிக்கு ஓரடிக்கு மேல் ஏறாதபடி மேட்டை வெட்டுவோம். பள்ளத்தில் மண் கொட்டி உயர்த்துவோம். ஆகவேதான் ரயில் நின்றுபோன பாதை, முழங்கால் வலியுள்ள முதியவருக்கும் சக்கர நாற்காலிக்கும் ஏற்ற நடைபாதையாகிறது.

இதை மக்களுக்காகக் கேட்ட முன்னோடிகளில் ஒருவர் அமெரிக்காவின் மே வாட்ஸ் அம்மையார். 1963இல் சிகாகோ நாளிதழுக்கு அவர் எழுதிய கடிதமே 'இல்லினாய் பிரெய்ரி பாதை'க்கு வித்து.

நம்மவர் பலர் வாழும் சிங்கப்பூரில், மலேயா ரயில்வேயின் பழைய பாதை 2011 ஜூலை 1ஆம் நாள் மூடப்பட்டது. அதைத் துண்டு போடாமல் பசுமை வழியாகக் காக்கும்படி, அங்குள்ள இயற்கைச் சங்கம் 2010லேயே திட்டம் தந்தது. தண்டவாளம் பெயர்க்கப்பட்டது, ஆனால் 24 கிலோமீட்டர் தடத்தைத் தொடர்ச்சியாக வைத்துக்கொள்ள அரசு இசைந்தது.

நம் கேரளத்திலோ, மூணாற்றின் குண்டளா பள்ளத்தாக்கு ரயிலை 1924ஆம் ஆண்டு வெள்ளம் அழித்தது. அந்தப் பாதை சாலையிலும் தேயிலைத் தோட்டத்திலும் கரைந்துவிட்டது.

நடுவே ஒரு கட்டடம் எழுந்தாலும் தொடர்ச்சி அறுந்துவிடும். பிறகு அதே சரிவில் நிலம் கிடைப்பது அரிது. எனவே கேட்க வேண்டியது, கடைசி ரயில் புறப்படும் முன்பே.