அலங்காரத்தம்மாளும் கங்காவும்: முதல் நாவல் எழுதும் இளம் எழுத்தாளருக்கு

கதைமாந்தரின் ஆழம் குணங்களின் எண்ணிக்கையில் இல்லை. நல்லவனுக்கு ஒரு கெட்ட பழக்கம், கெட்டவனுக்குக் கொஞ்சம் இரக்கம் என்று கலந்துவிட்டால் முழு மனிதன் கிடைத்துவிடுவான் என்று புதிதாக எழுதுபவர் நம்புவதுண்டு. கிடைப்பது கலவை மட்டுமே. ஒத்துப்போகாத இரண்டு ஆசைகள் ஒரே மனத்தில், இரண்டுமே உண்மையாக இருக்கும்போதுதான் சிக்கல் பிறக்கிறது.

தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ (1966) இதற்கு நல்ல பாடம். அலங்காரத்தம்மாளுக்குச் சிவசு என்பவருடன் உறவு. கணவர் தண்டபாணிக்கும் அது தெரியும். அந்த உறவை அவளால் விடவும் முடியவில்லை, குற்றமில்லை என்று ஒதுக்கவும் முடியவில்லை. மகன் அப்புவைக் காவிரிக்கரை வேத பாடசாலைக்கு அனுப்புகிறாள். அவன் ரிஷிபோல் ஆனால் அவன் காலில் விழுந்து பாவத்தைக் கரைத்துக்கொள்ளலாம் என்பது அவள் போடும் கணக்கு.

இதை ஆசிரியர் முதலிலேயே அவிழ்த்து வைப்பதில்லை. படிப்பு முடிந்து சென்னைக்கு வரும் அப்புவின் கண் வழியாகவே வாசகர் அவளைப் பெரிதும் பார்க்கிறார். சிவசு வந்துபோவதையும் வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே எழாததையும் அவனோடு சேர்ந்துதான் கவனிக்கிறார். அவள் மனத்துக்குள் நாவல் நேரடியாக நுழைந்திருந்தால் அவள் ஒரு விளக்கமாகச் சுருங்கியிருப்பாள். பாடசாலையில் அப்புவை விரும்பும் இளம் விதவை இந்துவுக்கும் கதையில் வேலை இருக்கிறது: தாயை எடைபோடும் மகனுக்கு அதே சோதனையை அவள் வைக்கிறாள். துணைமாந்தரை இப்படி அமைப்பது, முதன்மை மாந்தரைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதுவதைவிடப் பயன் தரும். கடைசியில் அலங்காரத்தம்மாள் காசிக்குப் புறப்படுகிறாள். திருந்தியவள் என்றோ தண்டனை பெற்றவள் என்றோ அவளுக்கு நாவல் முத்திரை குத்துவதில்லை.

ஜெயகாந்தன் எடுத்த வழி வேறு. ‘அக்னிப்பிரவேசம்’ சிறுகதையில், கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் பெண்ணின் தலையில் தாய் தண்ணீரைக் கொட்டி, அவள் சுத்தமானவள் என்கிறாள். அதே நிகழ்விலிருந்து தொடங்கும் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ (1970) நாவலில் தாய் கத்திக் கூச்சலிட்டுவிடுகிறாள். விஷயம் வெளியே தெரிந்துவிடுகிறது. மாறியது ஒரு நொடியில் தாய் நடந்துகொண்ட விதம்தான். அதிலிருந்து கங்கா என்ற இன்னொரு மனுஷி உருவாகிறாள். எழுதி முடித்த கதையில் ஒரே ஒரு முடிவை மட்டும் மாற்றிப் பின்விளைவுகளைத் தொடர்வது இளம் எழுத்தாளருக்கு ஏற்ற பயிற்சி.

அலங்காரத்தம்மாள் வெளியிலிருந்து பார்க்கப்படுகிறாள்; கங்காவோ பல இடங்களில் தானே பேசுகிறாள். மாந்தரைப் பேசவிடும் எழுத்தாளருக்கு ஆபத்து அதிகம், ஏனெனில் தன்னைப் பற்றி முழுதும் சரியாகச் சொல்லும் மனிதர் கிடையாது. தன்னைக் கெடுத்த பிரபுவையே பின்னாளில் தேடிப்போகும் கங்கா, அதற்குச் சொல்லும் காரணங்களோடு நிற்பதில்லை. அவனோடு அவளுக்கு ஏற்படும் பழக்கத்தைப் பழி என்று சொல்ல முடியாது, காதல் என்றும் அடக்க முடியாது. திருத்தி எழுதும்போது முதலில் வெட்ட வேண்டியவை, அத்தகைய உறவுக்குப் பெயர் சூட்டும் வாக்கியங்கள்.