அழைப்புக் கடிதத்தில் ஒரு வரி

பிரிட்டனில் ஒரு பல்கலைக்கழகம் பழங்குடியினருக்கென்றே வருகை ஆய்வாளர் உதவித்தொகை தருகிறது. அதில் போய்வந்த நீலகிரித் தோடர் பெண் நான். நீங்களும் போவதானால், பாஸ்போர்ட், விசா எல்லாம் ஏஜென்ட் பார்த்துக்கொள்வார். ஆறு மாதத்துக்கு மேல் தங்குவதானால் காசநோய்ப் பரிசோதனை உண்டு. கோட்டாட்சியர் தந்த சாதிச் சான்றிதழ் கையில் இருக்கட்டும். அவ்வளவுதான்.

கவனிக்க வேண்டியது அழைப்புக் கடிதம். என் விண்ணப்பத்தைத் ‘திருத்தித் தந்த’ ஒரு பேராசிரியர், ‘எம்பிராய்டரி செய்து காட்டுவார்’ என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டார். அப்போதுதான் எடுபடுமாம். அந்த வரி அப்படியே அழைப்புக் கடிதத்திலும் வந்தது. அப்புறம் என்ன, பள்ளிக்கூடப் பிள்ளைகள், நன்கொடையாளர்கள், விருந்துகள் என்று எங்கே பார்த்தாலும் ஊசியும் நூலுமாக என்னை உட்காரவைத்தார்கள்.

நான் போனது அருங்காட்சியகக் கிடங்கிலிருக்கும் பழைய பூத்துக்குளிகளை, அதாவது எங்கள் பூவேலைப் போர்வைகளைப் பார்க்க. நாங்கள் துணியில் கோலம் வரைந்துகொண்டு தைப்பவர்கள் அல்ல. இழையை எண்ணித் தைப்பவர்கள். இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தால்தான் பழைய கை எப்படி எண்ணியது என்று பிடிபடும். துணியை வெளியே எடுக்க முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். அந்தக் காலத்தில் பூச்சிக்கு ஆர்சனிக் போட்டிருக்கலாம் என்பதால் கையுறை வேறு. இதற்கெல்லாம் நாள் வேண்டாமா? நாட்களைத்தான் விருந்துகள் தின்றுவிட்டனவே!

கருத்தரங்கில், எங்கள் கோயிலான பால்மனையின் சடங்கைச் சொல்லச் சொன்னார்கள். பெண்கள் உள்ளே போகக் கூடாத இடம் அது என்றேன். ஒளிக்கிறேன் என்று நினைத்தார்கள். சொல்லத் தயங்குவதற்கும் பழைய காரணம் உண்டு. 1901-02இல் நீலகிரிக்கு வந்த ஆங்கிலேய மானிடவியலாளர் ரிவர்ஸ், 1906இல் தோடர்களைப் பற்றிப் பெரிய புத்தகமே போட்டார். அவருக்குப் புனித இடங்களைக் காட்டியவர் நோயில் விழுந்தார், சடங்கைச் செய்து காட்டியவரின் மனைவி இறந்தார், இன்னொருவரின் பால்மனை எரிந்தது. தெய்வக் குற்றம் என்று மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். இதை ரிவர்ஸே எழுதியிருக்கிறார். கேட்டவர்கள் அதைப் படித்திருக்கலாம்.

ஆகவே, கிடங்குக்கு எத்தனை நாள், செய்து காட்டுவது எத்தனை தடவை, எடுக்கும் வீடியோ யாருக்குச் சொந்தம் என்பதைக் கிளம்புவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். ‘போய்ப் பேசிக்கொள்ளலாம்’ என்பவரை நம்பாதீர்கள். விண்ணப்பத்தை உங்கள் மந்தில் (ஊரில்) படித்த பிள்ளை யாராவது பார்த்தால் போதும், பேராசிரியர் வேண்டாம். எனக்குத் திருத்தித் தந்த அந்த மனிதர் என் பயணத்தை வைத்து ஒரு கட்டுரை போட்டுவிட்டார். நன்றி சொன்ன இடத்தில் என் பெயரிலும் எழுத்துப்பிழை.